செல்வராணி பேசிய ஞாயிற்றுக்கிழமை

1. பேப்பர் கப்

எங்கள் நூலகத்தின் வாசகர் வட்டத்துக்குக் கருப்பட்டிக் காபி எப்போதும் எவர்சில்வர் தம்ளரில்தான் வரும். செல்வராணி புத்தக அறிமுகம் செய்த அன்று மட்டும் பேப்பர் கப்பில் வந்தது.

நான் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். பெயர் எஸ்தர். சொந்த ஊர் நாசரேத் பக்கம். கடைசியாக வேலை பார்த்தது தூத்துக்குடிக்கும் உடன்குடிக்கும் நடுவில், தேரி என்கிற செம்மணல் மேடும் பனையுமாக இருக்கும் ஒரு சின்ன ஊரில். ஊர்ப் பெயர் வேண்டாம். துறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் எனக்கு ஃபோன் போட்டு, "மேடம், வாசகர் வட்டம் எப்படி நடத்துறது? ஒரு நாவலை எப்படி அறிமுகம் செய்யுறது?" என்று கேட்கிறார்கள். மைக் வாங்குவது, வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் இரண்டு கூட்டம் நடத்தினால் தானாக வந்துவிடும். நான் சொல்ல வேண்டியது அதை அல்ல.

காபி வரும் வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நூலகத்துக்கு நேர் எதிரே வேலாயுதம் சாரின் மாடி வீடு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வாசகர் வட்டத்துக்கு அவர்தான் தலைவர். ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். எங்கள் நூலகத்தில் மழைக்கு ஒழுகிய கூரையை அலைந்து திரிந்து சரிசெய்ய வைத்தவர். படித்துவிட்டுத்தான் பேசுவார், படிக்காமல் பேசுகிறவர்களைச் சபையிலேயே கிண்டல் செய்வார். அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு நானே சண்டைக்குப் போயிருப்பேன்.

மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் கூட்டம். எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிதான், ஞாயிறு நூலகம் திறந்திருக்கும். சாரின் வீட்டம்மா உடன்குடிக் கருப்பட்டி போட்டுக் காபி வைத்துத் தூக்குச்சட்டியில் ஊற்றித் தருவார். சார் ஒரு கையில் தூக்குச்சட்டியும் மறுகையில் தம்ளர் அடுக்கிய கம்பிக்கூடையுமாகத் தெருவைக் கடந்து வருவார். தானே எல்லாருக்கும் ஊற்றிக் கொடுப்பார். வேறு யாராவது ஊற்ற வந்தால் விடமாட்டார். கொரோனா முடிந்து நூலகம் திறந்தபோதுகூட அதே தம்ளர்கள்தான் வந்தன.

அன்றைக்குக் கம்பிக்கூடை இல்லை. பிரிக்காத பேப்பர் கப் பொட்டலம் ஒன்று கையில் இருந்தது.

"என்ன சார், தம்ளர் எங்க?" என்று கேட்டேன்.

"காலம் கெட்டுக் கெடக்கும்மா. இனும இதான் சேஃப்டி" என்றார்.

எல்லாருக்கும் அதில்தான் ஊற்றினார். தனக்கும் அதில்தான். குறை சொல்ல ஒரு பொட்டு இடம் வைக்கவில்லை.

2. பஸ்ஸுக்குக் காத்திருந்தவள்

செல்வராணி அந்த ஊருக்குக் கிராம சுகாதார நர்ஸாக வந்தவள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி, வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்ப்பது எல்லாம் அவள் வேலை. தூத்துக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வீட்டுக்காரர் துறைமுகத்தில் லாஷிங் வேலை, கப்பலில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டுகிற வேலை. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அது மாமியார் பொறுப்பில்.

நூலகத்துக்குள் அவள் முதலில் வந்தது படிக்க அல்ல. சாயங்காலம் பஸ் வரும் வரைக்கும் ஃபேனுக்குக் கீழே உட்காருவதற்கு. "அக்கா, சும்மா உக்காந்திருந்தா வெரட்டிருவியளா?" என்று கேட்டாள். "சும்மா உக்காரக் கூடாது, எதையாவது கையில வச்சுக்கிட்டு உக்காரு" என்றேன். அப்படிக் கையில் வைத்துக்கொண்டதைப் படிக்க ஆரம்பித்தவள், ஆறு மாதத்தில் என் நாவல் அலமாரியில் பாதியைத் தின்று தீர்த்துவிட்டாள். பஸ்ஸிலும் படிப்பாள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது கதாநாயகனைத் திட்டுவாள். "சரியான சவத்துப்பய அக்கா இவன். ஒரு லெட்டர் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும், எரநூறு பக்கம் அழுதுக்கிட்டு திரியுதான்" என்பாள். எனக்கு அவள் வராத நாள் நாளாகவே இருக்காது.

அவளுக்கு ஒரு நெருக்கடி இருந்தது. நர்ஸ் தலைமையிடத்திலேயே தங்க வேண்டும் என்பது விதி. துணை சுகாதார நிலையத்தில் அவளுக்கென்று குவார்ட்டர்ஸ் உண்டு. ஆனால் கூரை காரை பெயர்ந்து விழுந்து, கம்பி வெளியே தெரிந்து, உள்ளே யாரும் போகக் கூடாது என்று எழுதிப்போட்டிருந்தார்கள். வட்டார மருத்துவ அலுவலர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஊருக்குள்ள வாடகைக்கு வீடு பாத்துத் தங்கும்மா. இந்த மாசத்துக்குள்ள வரலேன்னா, தங்குற ஆளைப் போட்டுட்டு ஒன்னய வேற எடத்துக்கு மாத்திருவேன்." வேறு இடம் என்றால் விளாத்திகுளம் பக்கம், மாவட்டத்தின் மறுகோடி.

இங்கே ஒரு வீடு கிடைத்துவிட்டால் குழந்தையைக் கூட்டி வந்துவிடலாம். வீட்டுக்காரர் பைக்கில் துறைமுகத்துக்குப் போய் வருவார். அவள் கேட்டது ஒரு அறையும் சமைக்க ஒரு மூலையும்தான்.

3. எந்தத் தெரு?

நானும் அவளோடு இரண்டு மூன்று இடத்துக்குப் போனேன். எங்கள் பக்கம் வீடு கேட்டுப் போனால் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். அடுத்து எந்த ஊர் என்பார்கள். அதற்கடுத்து எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னதும் முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கும், வீடு மட்டும் காணாமல் போய்விடும். ஒருவருக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. ஒருவருக்கு மகள் பேறுகாலத்துக்கு வர வேண்டியிருந்தது. ஓர் அம்மா சைவக்காரர்களுக்குத்தான் விடுவோம் என்றார்.

அதைச் செல்வராணி என்னிடம் நடித்தே காட்டினாள். "முட்டகூடத் திங்க மாட்டேம்னு சத்தியம் பண்ணுனேன் அக்கா. அதுக்கு அந்தம்மா, 'நீங்க திங்க மாட்டிய, ஒங்களப் பாக்க வாறவுக திம்பாவல்லா'ங்காவ. எங்க அம்மையும் அப்பனும் என்ன தின்பாவன்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவின் மூன்று பேரப்பிள்ளைகளுக்கும் ஊசி போட்டவள் இவள்தான்.

காலனியில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அங்கே இருக்கிற ஒவ்வொரு தொகுப்பு வீட்டிலும் இரண்டு குடும்பம் இருந்தது. காலி என்று ஒரு திண்ணைகூடக் கிடையாது.

வேதக்காரர்கள், அதாவது எங்கள் கிறிஸ்தவர்கள் தெருவில் கேட்கலாமே என்றும் கேட்பீர்கள். கேட்டேன். நானும் அந்த ஊரில் வாடகைக்கு ஒற்றை அறையில்தான் இருந்தேன், என் வீட்டுக்காரம்மாவிடம் பக்கத்து போர்ஷன் காலியாக இருந்தது. "சர்ச்சுல ஒண்ணா உக்காந்து பாடலாம் எஸ்தர். வீடுங்கது வேற" என்றார். ராத்திரி ஜெபத்துக்கு என்னையும் கூப்பிட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான், பிறகு கூட்டத்தில் அறிமுகம் செய்த அந்த நாவலை அவள் படித்து முடித்தாள்.

4. கை நடுங்குது

நாவலின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் தேடிப் பிடித்துப் படித்துவிட்டு, அமெரிக்காவில் எவ்வளவு கொடுமை பாருங்கள் என்று சொல்லி மூடிவைத்துவிடுவீர்கள். பழைய நாவல். தமிழில் யாரோ பொறுமையாக மொழிபெயர்த்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் வளர்ந்து ஆளாகிற கதை. நிற வெறியைப் பற்றிய கதை என்று பின்னட்டையில் போட்டிருக்கும். எங்கள் நூலகத்துக்கு வந்த நாளிலிருந்து அதை எடுத்தவர்கள் மிகச் சிலர்.

செல்வராணி அதைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் கொடுக்காமல் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, இத யாருட்டயாவது சொல்லலேன்னா எனக்குத் தூக்கம் வராது" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஞாயிறு அவளுக்கு லீவு என்பதால் எங்கள் கூட்டத்துக்கு அவள் வந்ததே இல்லை. அடுத்த கூட்டத்தில் இவளையே அறிமுகம் செய்ய வைத்தால் என்ன? ஊர்ப் பெரியவர்கள் பதினைந்து பேராவது வருவார்கள். அதில் பாதிப் பேருக்கு வீடோ மாடியோ காலியாக இருக்கிறது. வேலாயுதம் சாரின் மேல்மாடியிலேயே 'வாடகைக்கு' என்று போர்டு தொங்குகிறது. இவள் பேச்சையும் கேட்டு, கதையையும் கேட்டால் யாருடைய மனசாவது இளகாதா? நூலகர்கள் மட்டும்தான் இப்படி ஒரு கணக்குப் போடுவார்கள். முப்பது வருஷம் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் இந்த நோய் வந்துவிடும்.

சாரிடம் சொன்னேன். "நல்ல காரியம். நர்ஸு வேலை பாக்குற பிள்ளை நாவல் படிக்குன்னா அத ஊரு பாக்கட்டும்" என்று சந்தோஷமாகச் சொன்னார். வாட்ஸ்அப் குழுவில் அவரே அறிவிப்பும் போட்டார். அவர் மனப்பூர்வமாகத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

கூட்டத்தன்று நீலச் சேலையில் வந்தாள். காபியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"நான் ஊசி போடுறவ, மேடையில பேசுறவ இல்ல. வலிச்சா சொல்லிருங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் சொன்னதை எனக்கு நினைவிருக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

"இதுல வார பயலுக்குப் பத்து வயசு இருக்கும். அவுக அப்பா சலூன்கடை வச்சிருக்காரு. ரொம்ப நல்ல மனுசன். ஊருல ஒருத்தருக்கு எந்திரிக்க முடியலன்னா வீட்டுக்கே போயி சவரம் பண்ணிட்டு வருவாரு. காசு கேக்க மாட்டாரு. பயலுக்கு அப்பான்னா உசுரு. வளந்து அப்பா மாதிரி ஆவணும், அவ்வளவுதான் ஆசை. அவனுக்கு மூத்தவன் ஒருத்தன் சண்டைக்குப் போயி செத்துப்போறான்.

"ஒரு நாளு மிலிட்டரி டிரெஸ்ஸுல ஒரு கறுப்பரு கடைக்கு வாராரு. 'ஒங்க மவன் சாவும்போது நான்தான் பக்கத்துல இருந்தேன், எம் மடியிலதான் உசுரு போச்சு'ன்னு சொல்லுதாரு. சலூன்காரரு அவரு கையப் புடிச்சுக்கிட்டு அப்பிடி அழுதாரு. தண்ணி குடுத்தாரு. மவன் கடைசியா என்ன சொன்னான்னு திருப்பித் திருப்பிக் கேட்டாரு. எல்லாம் ஆச்சு. பொறவு அந்தக் கறுப்பரு, 'நாளைக்கு எங்க அம்மையப் பாக்கப் போறேன், ஒரு சவரம் பண்ணி விடுங்க'ன்னு நாக்காலியில உக்காருதாரு.

"சலூன்காரரு கத்திய எடுத்துட்டாரு. கண்ணாடி வழியா வெளிய பாக்காரு. ரோட்டுல நாலு பேரு நின்னு இவரையே பாக்காவ. கத்தியக் கீழ வச்சாரு. 'எனக்கு இன்னைக்குக் கை நடுங்குது, கடைய அடைக்கப் போறேன்'னாரு. வரிசையில காத்துக்கெடந்த வெள்ளைக்காரங்களையும் சேத்து வெளிய அனுப்பிட்டு கதவச் சாத்திட்டாரு. யாருக்கும் சவரம் கெடையாது. பாத்தா, எல்லாருக்கும் ஒரே நீதி."

அவள் மேசையிலிருந்த பேப்பர் கப்பை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"பய அப்பா கையப் பாக்கான்" என்று வலது கையைச் சபையைப் பார்த்து நீட்டினாள். "நடுங்கல."

கொஞ்ச நேரம் அந்தக் கையை அப்படியே வைத்திருந்தாள். "அன்னைக்குத்தான் அவன் பெரிய ஆளு ஆனான். இந்த நாவல் அம்புட்டுத்தான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

5. மேல்மாடி

வேலாயுதம் சார் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் கண்ணைத் துடைத்தார். ஒப்புக்கு அல்ல. அவர் உதடு துடித்ததை நான் பார்த்தேன்.

"எத்தனையோ பேராசிரியர்மாரு பேசிக் கேட்டிருக்கேன். இப்பிடி ஒரு அறிமுகம் கேட்டதில்ல. மனுசனை மனுசன் இப்பிடி நடத்துற தேசம் என்ன நாகரிகம் பேசி என்ன?" என்றார். உரக்கடை அண்ணாச்சி, "அவனுக ஜனாதிபதியவே கறுப்பரா வச்சிருந்தானுவள்லா, பொறவும் திருந்தலியே" என்று வருத்தப்பட்டார். ஒவ்வொருவராக எழுந்து அமெரிக்காவைக் கண்டித்தார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்து போயிற்று. கனிந்துவிட்டது, இனி பறிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

கடைசியில் சார், "சிஸ்டர், நீங்க ஏதும் கேக்கணுமா?" என்றார். கூட்டத்தில் பேசியவரிடம் முடிவில் அப்படிக் கேட்பது வழக்கம். வழக்கமாக எல்லாரும் நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள்.

செல்வராணி எழுந்தாள். "கேக்கணும் சார். மாசம் முடிய இன்னும் பத்து நாளுகூட இல்ல. ஒங்க மேல்மாடி காலியாத்தான கெடக்கு? எனக்கும் எம் பிள்ளைக்கும் வாடகைக்குத் தருவியளா?"

குரலை உயர்த்தவில்லை. கெஞ்சவும் இல்லை. கடையில் அரைக் கிலோ சர்க்கரை கேட்கிற மாதிரி கேட்டாள். எல்லாரும் சாரைப் பார்த்தார்கள். சார் எல்லாரையும் பார்த்தார். உரக்கடை அண்ணாச்சியைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

"அது வந்து சிஸ்டர்... மவன் பெங்களூர்லேர்ந்து வாரான். வொர்க் ஃப்ரம் ஹோமாம். அவனுக்கு மேல்மாடி வேணும்ங்கான்."

மகன் முந்தின வாரம்தான் பெங்களூரில் ஃப்ளாட் வாங்கிப் பால் காய்ச்சியிருந்தான். சாரே எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்திருந்தார். அந்த லட்டைத் தின்ற அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. நான் எழுந்தேன். "சார், போர்டு தொங்குதே" என்றேன்.

"கழட்ட மறந்துட்டேம்மா" என்றார்.

"சரி சார்" என்றாள் செல்வராணி. புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, ஆனாலும் கிளம்பிவிட்டாள். நன்றியுரையை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலையில் நான் நூலகத்தைத் திறக்க வரும்போது எதிர்வீட்டு மாடியில் போர்டு இல்லை. அடுத்த வாரம் கூட்டுறவு வங்கிக்கு மாற்றலாகி வந்த ஒருவர், சாரின் உறவுக்காரரே, மேல்மாடியைக் கேட்டு வந்தார். அவருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குக் கொடுத்தால், இவளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பது வெளியே தெரிந்துவிடும். ஆகவே மாடி யாருக்கும் இல்லை. எல்லாருக்கும் ஒரே நீதி. நூலகத்தில் என் நாற்காலி தெருவைப் பார்த்துப் போட்டது. தலையைத் தூக்கினால் அந்த மேல்மாடிக் கதவுப் பூட்டுதான் தெரியும்.

அந்த வாரமே மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் ஃபோனில் கேட்டார். "என்னம்மா, நூலகத்துல வச்சு சாதிப் பிரச்சினையக் கெளப்புதீங்களாமே, மனு வந்திருக்கு."

"இல்ல சார், அமெரிக்காவப் பத்தித்தான் பேசுனோம். கூட்டத்துல இருந்த யாருட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க" என்றேன்.

எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். அதிலும் அமெரிக்கா என்றுதான் எழுதினேன்.

6. அந்தப் பயல் என்ன ஆனான்

மாதம் முடிந்தது. மாற்றல் ஆர்டர் வந்தது. சொன்ன மாதிரியே விளாத்திகுளம் பக்கம், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பகல் டூட்டி, அங்கே தங்க வேண்டியதில்லை.

கடைசி நாள் சாயங்காலம் செல்வராணி நூலகத்துக்கு வந்தாள். அன்று காலையில் காலனியிலும் ஊர்த்தெருவிலும் கர்ப்பிணிகளை ஒருவர் விடாமல் பார்த்துச் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள். ஒருத்திக்குப் பிரஷர் கூடுதலாம், உரக்கடை அண்ணாச்சியின் மருமகள். "அக்கா, புது நர்ஸு வர வரைக்கும் அவள நீங்க ஒரு கண்ணு பாத்துக்கிடுங்க. உப்பக் கொறைக்கச் சொல்லுங்க. சொன்னா கேக்க மாட்டா, ஊறுகா ஜாடிய ஒளிச்சு வச்சுத் திங்குதா" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஏளா, அந்த வீட்டுக்காரரு அன்னைக்கு வாயத் தொறந்தாரா? ஒனக்கு என்னத்துக்கு அந்த வீட்டுச் சோலி?" என்று கத்திவிட்டேன்.

"பிரஷர் அவளுக்குத்தான அக்கா, அவ மாமனாருக்கா?" என்றாள்.

நாவலை எடுத்து மேசையில் வைத்தாள். ரிட்டர்ன் போட்டேன். கார்டை அவளிடம் கொடுத்தேன். அதன் பிறகும் அவள் போகவில்லை.

"அன்னைக்கு மட்டுந்தான் பேப்பர் கப்பு, இல்லியாக்கா?"

நான் அவளிடம் அதைச் சொல்லியிருக்கவே இல்லை. "ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பொட்டலத்த எம் முன்னாலதான் பிரிச்சாரு. சாருக்கு அதப் பிரிக்கத் தெரியல, பல்லால கடிச்சாரு. பழக்கமில்லாத கை." சொல்லிவிட்டு அவளே பேச்சை மாற்றினாள். "அந்தப் பய கடைசியில என்ன ஆனான்னு நான் கூட்டத்துல சொல்லவே இல்ல பாத்தியளா? அந்தக் கையோடயே முடிச்சிட்டேன்."

"என்ன ஆனான்? நான் படிச்சு ரொம்ப நாளாச்சு."

"ஒண்ணும் ஆவலக்கா. அப்பனோட சண்ட போடல. வீட்ட விட்டு ஓடல. அப்பன் செத்த பொறவு நல்லபடியா அடக்கம் பண்ணுனான். ஆனா அந்த நாளுக்குப் பொறவு அப்பன்ட்ட முடி வெட்டிக்கிடவே இல்ல. அவரு கூப்புடுவாரு, 'வா மக்ளே, முடி வளந்துட்டுல்லா'ன்னு. இவன் சிரிச்சுட்டுப் போயிருவான். பாசமெல்லாம் உண்டு. தலையை மட்டும் குடுக்க மாட்டான். ஏன்னு அவரு ஒரு நாளும் கேக்க மாட்டாரு. அவருக்குத் தெரியும்லா."

பஸ் வந்துவிட்டது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கையசைத்தாள்.

பிறகு ஃபோனில்தான் பேச்சு. போக வர நாலு மணி நேரம் பஸ்ஸில் போகிறது என்றாள். "பிள்ள எந்திரிக்க முன்ன கெளம்புதேன், அது ஒறங்குன பொறவு வாரேன். ஞாயித்துக்கிழம மட்டுந்தான் எம் மூஞ்சியப் பாக்கு. போன ஞாயிறு என்னய 'ஆன்ட்டி'ன்னு கூப்புட்டுச்சு அக்கா." அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஃபோனை வைத்துவிட்டு நான் அழுதேன். ஊருக்குப் புது நர்ஸ் வரவே இல்லை. பொறுப்பு நர்ஸ் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை வந்து போனார்.

7. திரும்பி வந்த தம்ளர்

அடுத்த மாதக் கூட்டம் வந்தது. வழக்கம்போல சார் தெருவைக் கடந்து வந்தார். ஒரு கையில் தூக்குச்சட்டி. மறுகையில் கம்பிக்கூடை. புளி போட்டு விளக்கிய தம்ளர்கள் சாயங்கால வெயிலில் பளபளவென்று இருந்தன.

ஆளுக்கொரு தம்ளரை எடுத்தார்கள். உரக்கடை அண்ணாச்சி ஊதி ஊதிக் குடித்தார். சேஃப்டி எங்கே போயிற்று என்று நான் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டால் அதற்கும் ஒரு மகன் பெங்களூரிலிருந்து வந்துவிடுவான்.

சார் என் மேசைக்கு வந்து தம்ளரை நீட்டினார். நான் எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்தேன். அன்றைக்கு மிஞ்சிய பேப்பர் கப் பொட்டலம் பழைய பத்திரிகைக் கட்டுக்கு மேல் இருந்தது. அதிலிருந்து ஒன்றை உருவிக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"எனக்கு இதுல ஊத்துங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். "தம்ளர்ல குடிங்கம்மா. ஒங்களுக்கு என்ன? நீங்க நம்ம..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இல்ல சார், இதுலயே ஊத்துங்க. சேஃப்டி."

ஊற்றினார். காபி கப்பில் பாதியும் மேசையில் பாதியுமாக விழுந்தது. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நிஜமாகவே நடுங்கியது.

நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் அப்படித்தான். அவர் தம்ளர்களைக் கொண்டுவருவதை நிறுத்தவில்லை, நான் பேப்பர் கப்பை எடுப்பதை நிறுத்தவில்லை. பொட்டலம் தீர்ந்தபோது தூத்துக்குடிக்குப் போனவள் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். நாங்கள் சண்டை போட்டதில்லை. புத்தகங்களைப் பற்றி முன்போலவே பேசினோம். ஏன் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நாவலை அறிமுகம் செய்யுங்கள், நன்றாகச் செய்யுங்கள். ஆனால் கேட்டவர்கள் அழுதார்கள் என்று வீட்டுக்குப் போய்ச் சந்தோஷப்படாதீர்கள். தூர தேசத்துக்காக அழுவதற்குக் கண்ணீர் போதும். பக்கத்தில் நிற்கிற ஆளுக்குச் சாவி வேண்டும். கூட்டம் முடிந்ததும் யார் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள், யார் வீட்டுக்குள் போய்ச் சாவியை எடுத்து வருகிறார்கள் என்று பாருங்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். மேல்மாடி இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.